காலி அறையின் பாட்டு

“இந்த மெட்டு உனக்கு எங்கேருந்து வந்துச்சு?”

மாமா கேட்டார். அன்று எனக்கு உண்மையான பதில் தெரியவில்லை. இனி கேட்க அவர் இல்லை. கதை விடுகிறாள் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மாமா வீட்டின் பின்பக்கம் ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிறகு நான் அங்கே ஒயர் சுருட்டி, தரை பெருக்கிக்கொண்டிருந்தேன். பாடும் அறை தீப்பெட்டி மாதிரி. மாமா உட்காருகிற அறைக்கும் அதற்கும் நடுவில் ஒரு கண்ணாடி. சுவரெல்லாம் பஞ்சு. கதவைச் சாத்திவிட்டால் உள்ளே தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே கேட்காது. உள்பக்கம் கைப்பிடி கிடையாது. சத்தம் கசிகிறது என்று மாமாவே கழற்றி எறிந்துவிட்டார்.

முன்பு அங்கே பாடியவள் என் சின்ன அத்தை. மாமாவின் மனைவியான பெரிய அத்தையின் தங்கை. மூச்சிரைப்பு உள்ளவள். பஸ் ஸ்டாப்பில் மூச்சு முட்டிச் செத்துப்போனாள் என்று மாமா சொன்னார். நம்பினோம்.

அந்த அறையைப் பெருக்கப் போனால் எனக்குப் பாட்டு வரும். வெளியே உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டாலும் ஒரு சொல் வராது. உள்ளே மெட்டும் வரியும் கைகோத்துக்கொண்டு வரும். ‘ஒரு விரல் நுழையும் வெளிச்சம் போதும்’ என்று முதல் வரி. காதல் பாட்டு என்று நினைத்துக்கொண்டேன். தாளமும் கூடவே வந்தது. மூன்று தட்டு, ஒரு இடைவெளி. மூன்று தட்டு, ஒரு இடைவெளி.

ஒருநாள் மாமா காதில் விழுந்துவிட்டது. அப்போதுதான் அந்தக் கேள்வி.

“தானா வந்துச்சு மாமா.”

“தானா வர்றதுக்கு இது என்ன தும்மலா? சரி, பாடு. நல்லா வந்தா பேரு உனக்கு. சொதப்பினா நாளையிலேருந்து அடுப்படிதான். சரியா வர்ற வரைக்கும் கதவைத் திறக்க மாட்டேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பாட்டுக்கு முன் மாமா காலி அறையைக் கொஞ்ச நேரம் பதிவு செய்வார். ஆளில்லாத அறைக்கும் ஓர் இரைச்சல் உண்டு. அதைப் பாட்டிலிருந்து கம்ப்யூட்டர் கழித்துவிடும். காலி அறையை யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை.

நான் ஒரே தடவையில் பாடி முடித்தேன். பிசிறே இல்லை. மாமா கதவைத் திறந்துவிட்டார். இரைச்சலைக் கழித்தார். ஓடவிட்டார்.

என் குரல் இல்லை.

நான் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும்...

“மைக் மண்டையப் போட்டுடுச்சு போல.” எழுந்து பாடும் அறைக்குள் போனார்.

நான் காலி அறையின் பதிவை ஓடவிட்டேன்.

உஸ்ஸென்று காற்று...

பிறகு பாட்டு.

என் பாட்டு. அதே வரி. அதே மெட்டு. குரல் மட்டும் வேறு.

தட்டு, தட்டு, தட்டு... உள்ளங்கையால் கதவில் அடிக்கிற சத்தம்.

பாட்டு முடிந்தது. இழுத்து இழுத்து மூச்சு...

“இப்ப சரியா வந்துச்சா அத்தான்? கதவைத் திறங்க...”

மாமாவை அத்தான் என்று கூப்பிட ஒருத்திதான் இருந்தாள்.

மறுபடி முதலிலிருந்து பாட்டு. குரல் இன்னும் சின்னதாக.

பதிவை நிறுத்தினேன். திரும்பினேன். பின்னால் பெரிய அத்தை. கையில் மாமாவுக்குக் காபி.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மாமா முதுகைக் காட்டி நின்றார். கைகள் மைக்கிலேயே உறைந்திருந்தன.

அத்தை டம்ளரை மேசையில் வைத்தாள். பாடும் அறைக் கதவைச் சாத்தினாள்.

தாழ்ப்பாளைப் போட்டாள்.

மைக் மட்டும் திறந்திருந்தது. ஸ்பீக்கரில்...

தட்டு, தட்டு, தட்டு.

மாமா இன்னும் திரும்பவே இல்லை. இரண்டு கைகளும் மைக்கில்தான் இருந்தன.

அத்தையும் அதைப் பார்த்தாள். தாழ்ப்பாளைத் திறக்காமலே வெளியே போய்விட்டாள்.