கார்பெட்டுக்கு மேலே போன வயர்கள்

அண்ணனின் வேனில் வயர்கள் கார்பெட்டுக்கு மேலேதான் போயின. பேட்டரியிலிருந்து வரும் தடித்த சிவப்பு வயர் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி நீட்டிப் படுத்திருக்கும். அம்ப்ளிபயர் மற்ற வேன்களைப் போலச் சீட்டுக்கு அடியில் ஒளிந்திருக்காது. பின்கதவைத் திறந்ததும் கண்ணில் படும் பலகையில் அதைத் திருகாணி போட்டு இறுக்கியிருந்தார்கள். ஏறுகிறவர்கள் காலில் வயர் தட்டுப்பட்டதும், "என்ன டிரைவர், வேலை பாதியில நிக்குதா?" என்று கேட்பார்கள். "இது எங்க வீட்டு பேஷன்" என்பார் அண்ணன். அந்த வயரை அப்படி வெளியே போட வைத்தவள் நான்.

அண்ணனுக்குப் பெரும்பாலும் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஓடும் வாடகை ஹயர்தான். எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வீட்டு வேலைக்கு வெளிநாடு போகும் பெண்களையும், வழியனுப்ப வரும் அவர்களது குடும்பத்தையும் ஏற்றிப் போவார். போகும்போது யாரும் பாட்டுக் கேட்க மாட்டார்கள். திரும்பி வருகிறவளைக் கூட்டிவரும்போது பாட்டு இல்லாவிட்டால் குறையாகச் சொல்வார்கள். "போறப்ப அழுகை, வாறப்ப பாட்டு. ரெண்டுக்கும் என் வேன்தான்" என்று அவர் சொல்வதுண்டு. ஆனால் வேனோடு வந்த ரேடியோவில் பாட்டு தகர டப்பாவுக்குள் பாடுவது போலிருக்கும். பக்கத்து ஸ்டாண்ட் வேன்களில் பேஸ் அடித்தால் கண்ணாடி அதிரும். பாட்டு செட் நன்றாக இருக்கும் வேனைத்தான் இளைஞர்கள் கல்யாண ஹயருக்குப் பிடித்தார்கள்.

மாத்தளை டவுனில் வாகனங்களுக்கு செட் பூட்டும், எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் ஒருவரின் கடைக்கு அண்ணன் என்னையும் கூட்டிப்போனார். நான் ஆசிரியை, அப்போது பிரசவ லீவில் இருந்தேன். கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, அம்ப்ளிபயரோடு வந்த புத்தகத்தை வாசித்தேன். வாசித்ததையே மறுபடியும் வாசித்தேன். "நானா, இவ பால்மா டின்னக்கூட மூணு தரம் படிச்சிட்டுத்தான் திறப்பா" என்றார் அண்ணன். பெட்டியின் மேலே பெரிய எழுத்தில் ஒரு வாட்ஸ் கணக்கும், புத்தகத்தின் உள்ளே சின்ன எழுத்தில் வேறொன்றும் இருப்பதை நான் காட்டினேன். நானா சிரித்தார். "மேல இருக்கிறது மாப்பிள்ளை வீட்டார் சொல்ற சம்பளம் புள்ள. உள்ளுக்கு இருக்கே, அதுதான் கையில வாறது. ஸ்பீக்கர் தாங்குற அளவையும் அதோட பொருத்திப் பார்த்து எடுக்கணும்."

அண்ணனின் கை அதற்குள் கறுப்புத் துணி ஒட்டிய பேஸ் பெட்டி ஒன்றின் மேல் போயிருந்தது. நாலு புறமும் அடைத்த பெட்டி. அதற்குள்ளே இரண்டு வயர்கள் போயின. யுத்த காலம் அது. நான் அதை ஓர் ஆமிக்காரனின் கண்ணால் பார்த்தேன். தமிழ்ப் பெடியன் ஓட்டும் வேன், பின்னால் மூடிய பெட்டி, பேட்டரியிலிருந்து அதற்கு ஒரு வயர். "செக்பாயின்ட்ல திறந்து காட்டச் சொன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். அண்ணன், "கேட்டா ஒரு பாட்டுப் போட்டுக் காட்டுறேன்" என்று சிரித்தார். நானா சிரிக்கவில்லை. பெட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். "தங்கச்சி சொல்றது சரி தம்பி. திறக்குற வரைக்கும் அவனுங்க பொறுத்திருக்கணுமே."

பிறகு நாங்கள் செட் தெரிந்தெடுத்த விதம் வேறாகிவிட்டது. எது நன்றாகக் கேட்கும் என்பதைவிட, எது உள்ளே இருப்பதைக் காட்டும் என்று பார்த்தோம். கதவுகளுக்கு இரண்டு ஸ்பீக்கர், பின்னால் திறந்த பலகையில் நீள்வட்டமாக இரண்டு. கூம்பு தெரியும்படி மெல்லிய வலை மூடிகள். சின்ன அம்ப்ளிபயர். வயரைக் கண்ணில் படாமல் போடுவதுதான் அந்தத் தொழிலில் கெட்டித்தனம். நானாவோ குனிந்திருந்து ஒவ்வொரு வயரையும் கார்பெட்டின் மேலே நேராக இழுத்து ஒட்டினார். "நான் செஞ்சேன்னு வெளிய சொல்லிராத தம்பி" என்றார்.

கொஞ்ச காலம் அது பலித்தது. சோதனைச் சாவடிகளில் ஆமிக்காரர்கள் பின்கதவைத் திறந்து வயரைக் கண்ணால் தொடர்ந்து போய், அது ஸ்பீக்கரில் முடிவதைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். ஒருவர் சிங்களப் பாட்டுப் போடச் சொல்லி, முழுப் பாட்டையும் நின்று கேட்டாராம். அண்ணன் இதை வந்து சொன்னபோது, என் பயத்தால் ஒருமுறையாவது நல்லது நடந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

கொழும்பில் குண்டு வெடித்த ஒரு நாளில் அவர் விமான நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். அன்று சாவடியில் வயர்களை யாரும் பார்க்கவில்லை. அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். பிறந்த இடம் என்ற இடத்தில் யாழ்ப்பாணம் என்று இருந்தது. அப்பா அங்கிருந்து மாத்தளைக்குப் பக்கத்து உக்குவளை ரயில் நிலையத்துக்கு வேலைக்கு வந்தவர். தலைப்பிள்ளை தாய்வீட்டில்தான் பிறக்க வேண்டுமென்று அம்மா வயிற்றோடு ஊருக்குப் போய், அண்ணனைப் பெற்றுக்கொண்டு திரும்பினார். நான் இரண்டாவது பிள்ளை. அதனால் மாத்தளை ஆஸ்பத்திரியில் பிறந்தேன். அண்ணனுக்கு அந்த ஊரில் எந்தத் தெருவும் தெரியாது. பேசுவதும் எங்கள் பக்கத்துப் பேச்சுத்தான். ஆனால் அட்டையில் எழுதியிருந்தது அதுதானே.

அவரைப் பிடித்துக்கொண்டுபோய் வைத்திருந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே நெடுநாள் ஆனது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக நின்றேன். அம்மா சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு, "நான் இஞ்சையே பெத்திருக்கலாம், இஞ்சையே பெத்திருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பயப்படத் தெரிந்திருந்தது, எதற்குப் பயப்பட வேண்டும் என்றுதான் தெரியாமல் போயிற்று. பெட்டி வேண்டாம் என்றேன், வயரை வெளியே போடச் சொன்னேன். சட்டைப்பையில் இருந்த அட்டையை நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

அவர் விடுதலையாகி வந்தபோது என் மகள் நடக்கவும் பேசவும் பழகியிருந்தாள். அங்கே என்ன நடந்தது என்று அண்ணனைக் கேட்டோம். "ஒண்ணுமில்ல, சாப்பாடுதான் சரியில்ல" என்றார். வேன் வெயிலிலும் மழையிலும் கிடந்து திரும்பி வந்தது. வயர்கள் பிடுங்கப்பட்டிருந்தன, ஸ்பீக்கர்கள் இல்லை. மறுபடி நானாவிடம் போனோம். இந்த முறை அண்ணன் விலையையும் வாட்ஸையும் கேட்கவில்லை. நானா வயரை எடுத்தபோது மட்டும், "உள்ளுக்கே போடுங்க நானா. வெளிய போட்டு என்ன?" என்றார்.

பூட்டி முடித்ததும் கடைக்கு முன்னால் வேனிலேயே வைத்துப் பாட்டுப் போட்டுப் பார்த்தார்கள். அண்ணன் டிரைவர் சீட்டில் இருந்தார். அவருக்கு வலப்பக்கமாக பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. நானும் மகளும் பின்சீட்டில் இடப்பக்கம் இருந்தோம். நானா இடப்பக்கக் கதவருகே நின்று, சத்தத்தைக் குறைத்து, அந்தப் பக்கத்தை மட்டும் பாட விட்டார்.

"எப்படி தம்பி?"

அண்ணன் ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது எப்படி?"

அப்போதுதான் திரும்பினார். "போடுங்களேன் நானா. இடப்பக்கம் இன்னும் வரல்லியே."

எனக்கு அந்தப் பாட்டு தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. மகள் அதற்குக் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். நானா உள்ளங்கையை ஸ்பீக்கர் மூடியின் மேல் வைத்தார். அது அதிர்ந்துகொண்டிருந்தது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு அண்ணனின் இடது காதைப் பார்த்தார்.

"ஆமா தம்பி, வயர் லூஸ் போல இருக்கு" என்றார். குனிந்து எதையோ இறுக்குவது போலச் செய்துவிட்டு, கையை நீட்டி பேலன்ஸ் குமிழை வலப்பக்கமாக முழுக்கத் திருகினார். "இப்ப?"

"ஆ, இப்ப சரி" என்றார் அண்ணன். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் எங்கள் பக்கத்து ஸ்பீக்கர் ஊமையாக இருந்தது. மகள், "அம்மா, இங்க பாட்டு இல்ல" என்றாள். அண்ணனுக்கு அது கேட்கவில்லை. நான் அவளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன்.

இப்போது அந்தச் சாவடிகளில் பல இல்லை. மகள் பள்ளிக்கூடம் போகிறாள், பெரும்பாலும் மாமாவின் வேனில்தான். இடப்பக்கம் செட் வேலை செய்யவில்லை என்று ஹயருக்கு வருகிறவர்கள் சொன்னால், நானாவிடம் காட்ட வேண்டும் என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருக்கிறார். நானா ஒவ்வொரு முறையும் அடுத்த கிழமை பார்க்கலாம் என்கிறார். காதைப் பற்றி அண்ணன் எங்களிடம் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. மாமாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மகள் வேனைச் சுற்றிப் போய், டிரைவர் பக்கக் கண்ணாடிக்குக் கீழே நின்று சொல்கிறாள். நான் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.