வண்டியிலேயே கிடந்த சாவி

எங்கள் தெரு குறுகல். வைக்கோல் டிராக்டர் வந்தால் யாராவது காரை நகர்த்தி வழிவிட வேண்டும். அதனால் இங்கே எல்லோரும் சாவியை வண்டியிலேயே விட்டுவிடுவார்கள்.

துபாயிலிருந்து லீவில் வந்த மகன் கார் வாங்கி, வாய்க்காலைப் பார்த்தபடி கரையோரம் கியரில் நிறுத்தினான். "சாவிய வீட்டுக்குள்ள வைக்கிறேம்மா, திருடு போயிரும்" என்றான்.

"என் தெருவுல எவன்டா திருடுவான்? அதுலயே கெடக்கட்டும்" என்றேன். அப்படி ஒரு பெருமை எனக்கு.

மறுநாள் மதியம் வாசலில் நெல் துழாவிக்கொண்டிருந்தேன். கியரில் கிடந்த கார் ஒருமுறை உறுமி, குலுங்கி முன்னே நகர்ந்தது. உள்ளே பக்கத்து வீட்டுச் சிறுமி. அவள் அப்பாவும் துபாயில்தான்.

"ஆயா, துபாய் போறேன். அப்பாவப் பாக்க வர்றியா?"

மறுபடி சாவியைத் திருகினாள். முன்சக்கரம் கரை விளிம்புக்கு வந்துவிட்டது. மண் உதிர்ந்து தண்ணீரில் விழுந்தது. வாய்க்கால் நிறையத் தண்ணீர். கத்தினால் பயந்து இன்னொருமுறை திருகிவிடுவாள்.

"நானும் வர்றேன்டி தங்கம். சாவிய மட்டும் விட்டுரு."

விட்டாள். கதவைத் திறந்து அவளை வாரி எடுத்தேன்.

இப்போது சாவி என் சுருக்குப்பையில் இருக்கிறது. டிராக்டர் வந்தால், அவள் எங்கே நிற்கிறாள் என்று பார்த்த பிறகுதான் எடுத்துக் கொடுக்கிறேன்.

"எப்ப ஆயா போறோம்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறாள். நான் சுருக்குப்பையை இறுக்கி இடுப்பில் செருகிக்கொள்கிறேன்.