பெரட்டுக்கு நின்ற அத்தை

ஈப்போவில் யாரிடமாவது "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிற்காதீர்கள். "ஓகே லா" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். காலில் கட்டுப்போட்டு நொண்டுகிறவருக்கும் ஓகே லா, சாவு வீட்டிலிருந்து திரும்புகிறவருக்கும் ஓகே லா. எங்கள் அறந்தாங்கிப் பக்கம் இதே கேள்வியைக் கேட்டால் முழங்காலில் ஆரம்பித்து மூத்த மருமகள் வரைக்கும் வந்துதான் மூச்சு விடுவார்கள். கல்யாணமாகி இங்கே மலேசியாவுக்கு வந்து இத்தனை வருஷமாகியும் எனக்கு இது பழகவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போய்விட்டார்களே என்று மனசு அவர்கள் பின்னாலேயே ஓடும்.

என் மாமியாரும் ஓகே லா கட்சிதான். அத்தை என்று கூப்பிடுவேன். சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி வளர்ந்த உடம்பு. தோட்டம் பாமாயில் தரும் செம்பனைக்கு மாறியபோது பிள்ளைகளோடு ஈப்போவுக்கு வந்தவர். இந்த வருஷம் அவருக்கு இரண்டு காலும் மரத்துப்போக ஆரம்பித்தன. முதுகுத்தண்டில் நரம்பு நெரிபடுகிறது, ஆபரேஷன் செய்யாவிட்டால் நடையே போய்விடலாம் என்றார் எலும்பு டாக்டர். ஆனால் கத்தி வைக்கும் முன்னால், உடம்பு எவ்வளவு தளர்ந்திருக்கிறது, மயக்க மருந்தையும் அதற்குப் பின்னால் வரும் படுக்கையையும் தாங்குமா என்று முதியோர் டாக்டர் அளந்து பார்க்க வேண்டுமாம். எங்கள் ஊரில் "வயசாச்சு, வேணாம்" என்றோ "சாமி மேல பாரத்தப் போட்டுப் பண்ணிருவோம்" என்றோ ஒரே பேச்சில் முடிந்திருக்கும். இங்கே அதற்கென்று ஓர் அறை, ஒரு நாற்காலி, தரையில் ஒட்டிய ஒரு கோடு.

அன்று காலை அத்தை தலைக்குச் சாயம் பூசினார். பவுடர் போட்டார். வலி மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாக விழுங்கினார். கைத்தடியைக் காரிலிருந்து எடுக்கவே விடவில்லை. "தொங்காட் இங்கயே கெடக்கட்டும். அதப் பாத்தா டாக்டரு என்னா நெனைப்பாங்க?"

டாக்டர் ஒரு மலாய்ப் பெண், முகமெல்லாம் சிரிப்பு. "மக்சிக், போலே மாசாக்?" என்றார். சமைக்க முடியுமா அம்மா? "போலே!" முடியுமாம். குளிக்க? "போலே!" படியேற? அதற்கும் போலே. பிடியின் பலத்தை அளக்கும் கருவியை அத்தை கோழிக் கழுத்தைத் திருகுவதுபோல் நெரித்தார். கோட்டின்மேல் விறுவிறுவென்று நடந்து காட்டினார். டாக்டர் அசந்துபோய் "குவாட் லா மக்சிக்!" என்றார், பலசாலிதான் என்று. விழுந்ததுண்டா? ஒருநாளும் இல்லையாம்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. குளியலறையில் விழுந்து கிடந்தவரைத் தூக்கியவள் நான். தொளதொளத்த சட்டைகளைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தவளும் நான். உண்மையைச் சொன்னால் ஆபரேஷன் இல்லையென்று ஆகி நடை போய்விடுமோ? சொல்லாவிட்டால் ஆளே போய்விடுவாரோ? எங்கள் ஊர்ப் பெரியாஸ்பத்திரியில் முனகுகிறவரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அம்மாவைக் கூட்டிப்போகும்போது, "கொஞ்சம் சத்தமா முனகும்மா" என்று சொல்லித்தான் உள்ளே தள்ளுவேன். அந்தப் பழக்கம் வாய்க்கு வந்துவிட்டது. "திடாக் போலே டாக்டர்! செமுவா திடாக் போலே!" ஒன்றுமே முடியாது என்று கையை வேறு விரித்தேன்.

டாக்டர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். ஒருத்தி எல்லாம் முடியும் என்கிறாள், இன்னொருத்தி எதுவுமே முடியாது என்கிறாள். வீட்டில் சண்டையா என்று மெல்ல மலாயில் கேட்டார். அத்தை என் பக்கம் திரும்பி, "ஒங்க ஊர்ல தும்முனாலே படுத்துருவீங்களா? சும்மா இரு லா" என்றார்.

காரிலிருந்து தடியை எடுத்து வந்து மேசைமேல் வைத்தேன். பிறகு கூட்டாமல் குறைக்காமல், காலையில் விழுங்கிய மாத்திரை முதல், என் கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னேன். டாக்டர் அத்தையைக் கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரச் சொன்னார். முதல் தடவை எழுந்தார். அடுத்த தடவை பாதியில் நின்றுவிட்டார். கை தானாக நாற்காலிப் பிடியைத் தேடிப் போனது.

ஆபரேஷன் இல்லை என்று டாக்டர் சொல்லவில்லை. முட்டை, மீன் என்று சாப்பிட்டு, பயிற்சி செய்து, சில வாரம் கழித்து வாருங்கள், அப்போது மறுபடி பார்த்து முடிவு செய்வோம் என்றார். அதற்குள் மரப்பு கூடினால் உடனே ஓடிவர வேண்டும் என்றும் சொன்னார்.

காரில் அத்தை சுண்ணாம்புக்கல் மலைகளைப் பார்த்தபடி வந்தார். "பேர வெட்டிட்டாங்க லா."

"வெட்டல அத்தை, தள்ளித்தான் வச்சிருக்காங்க."

"எனக்குத் தெரியாதா? தோட்டத்துல வேல பிரிக்கற பெரட்டுக்கு, விடியறதுக்கு முன்னால வரிசையா நிப்போம். கணக்கெழுதுற கிராணி பேரக் கூப்புடுவாரு. மூஞ்சி வாடியிருந்தா நம்ம மரத்த வேற ஆளுக்குக் குடுத்துட்டு, நம்மளப் புல்லு வெட்ட அனுப்பிருவாரு. காச்சல்லயும் நிமிந்து நின்னேன். புள்ளத்தாச்சியா இருக்கறப்பயும் நின்னேன். இன்னிக்கும் நின்னேன். நீதான் குனிய வச்சிட்ட."

சரியாகத்தான் செய்தேன் என்று புத்தி சொல்கிறது. ஆனால் இந்த இடைவெளியில் கால் இன்னும் மரத்துவிட்டால்? அத்தை தூங்கும்போதுகூடப் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன். சில நாள் என் பக்கம் திரும்பாமலே முட்டையைத் தின்றார். பிறகு ஒரு மாலை அவராகவே சாப்பாட்டு மேசை நாற்காலியை இழுத்துப் போட்டு, "பின்னால வந்து நில்லு" என்றார்.

டாக்டர் கேட்ட கேள்விகள் மட்டும் என்னை விடவில்லை. அத்தையைப் பற்றியென்றால் எல்லாவற்றுக்கும் எனக்கு விடை தெரியும். என் அம்மாவைப் பற்றி? விழுந்தாளா, இளைத்தாளா, குடத்தைத் தூக்க முடிகிறதா? போன் திரையில் எனக்குக் கிடைப்பது கழுத்துக்கு மேல் உள்ள அம்மா மட்டும்தான். ஊருக்கெல்லாம் வலியைச் சொல்கிறவள் என்னிடம் மட்டும் "எனக்கென்னடி, நல்லாத்தான் இருக்கேன்" என்பாள்.

நேற்றும் அதையேதான் சொன்னாள். பயிற்சியில் இருந்த அத்தை போன் பக்கம் எட்டிப் பார்த்துக் கத்தினார்: "சம்பந்தி! கையக் கட்டிக்கிட்டு நாக்காலிய விட்டு எந்திரிங்க பாப்போம்! ஒங்க மக என்னைய இந்தப் பாடு படுத்துறா!"

"இதென்ன பெரிய வித்தையா?" என்று அம்மா சிரித்தாள். போனைப் பக்கத்தில் மல்லாக்க வைத்தாள். திரையில் எங்கள் ஊர் வீட்டு மின்விசிறி மட்டும் சுற்றியது. நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு ஒரு நீண்ட மூச்சு.

"ஊனாம எந்திரிச்சியாம்மா?"

விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. இங்கே அத்தை பாதி எழுந்து நடுங்கினார். அவர் முதுகுக்குப் பின்னால் தொடாமல் ஒரு கையை விரித்து வைத்துக்கொண்டு, மறு கையில் அந்த விசிறி சுற்றும் போனைப் பிடித்தபடி நின்றேன்.