என் புத்தகத்துக்கு இடம் சொன்ன அம்மா

பெங்களூரில் இரும்பு ரேக் செய்வதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன்தான். ஆனால் ஒரு பல்கலைக்கழக நூலகமே பொம்மனஹள்ளிப் பட்டறையில் நான் செய்த ரேக்குகளில் நிற்கிறது. எழுதத் தெரிந்த ஒருவரை வைத்து என் வாழ்க்கையைப் புத்தகமாகப் போட்டதும் நேராக அங்கேதான் கொண்டுபோனேன். பெரிய தலைவர்களின் வரலாறுகளுக்கு நடுவே அது இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

புத்தகங்களுக்கு எண் போட்டு இடம் ஒதுக்குகிற அம்மாவைப் பார்க்கச் சொன்னார்கள். கொண்டையில் பென்சில் செருகியிருந்தார். அட்டையில் கோட்டு சூட்டோடு நிற்கும் என்னைக் கண்டுகொள்ளாமல், கடைசிப் பக்கத்திலிருந்து புரட்ட ஆரம்பித்தார். எந்தப் புத்தகத்தையும் அப்படித்தானாம்.

"முழுசா படிச்சுட்டு எடம் சொல்றேன் சார், ஒரு வாரம் குடுங்க" என்றார்.

ஒரு வாரம் கழித்துப் போனால், என் புத்தகம் தகர வேலை, வெல்டிங் புத்தகங்களோடு உட்கார்ந்திருந்தது.

"என்னம்மா, என் வாழ்க்கையையே வெல்டிங்கில சேர்த்துட்டீங்க?"

"நடுவுல இருபது பக்கம், பாரத்துல ரேக் தட்டு தொங்காம இருக்க தகரத்தை எப்படி மடிக்கணும்னு சொல்லியிருக்கீங்களே சார். அது வேற எதுலயும் இல்ல. தேடுறவங்க இங்கதான் வருவாங்க."

"தலைவருங்க பக்கத்துல வெச்சா?"

"நான்தான் வந்து தூசி தட்டணும்."

புத்தகத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

போன மாதம் எட்டிப் பார்த்தேன். அந்த இருபது பக்கங்களின் ஓரத்தில் மட்டும் கிரீஸ் கை பட்ட அடையாளம் இருந்தது. புத்தகத்தை எழுதிக் கொடுத்தவரிடம், "இதெல்லாம் யாருக்கு வேணும், எடுத்துடுங்க" என்று நான் சொன்ன பக்கங்கள் அவை; அவர்தான் எடுக்க மறந்துவிட்டார். இதை மட்டும் அந்த அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.