வடாம் காயும் மாடி

வீட்டுப் படத்தைக் காகிதத்தில் பார்த்தால் எனக்குப் பயம்தான் வரும். எட்டாம் வகுப்போடு நின்ற மேஸ்திரி நான்; கோட்டுக்குள் நடந்து பார்க்கத் தெரியாது. அதனால் மனையில் சவுக்குக் கம்பு நட்டு, கயிறு கட்டி, உள்ளே நின்று பார்த்த பிறகுதான் அஸ்திவாரத்துக்குப் போவேன். நான் கட்டிய வீடுகளில் குறை சொல்ல ஆள் குறைவு. அந்தப் பயத்துக்குத்தான் நன்றி சொல்லவேண்டும்.

கொள்ளிடத்தைத் தாண்டி எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு மனை பேசியிருந்தார்கள். ஒருவர் விலகினாலும் பேச்சு முறிந்துவிடும். சூளையில் சுடாத மண்கல் சுவர், குறைந்த சிமெண்ட், கீழே எல்லோருக்கும் பொதுக்கூடம், மாடி முழுக்க சோலார் தகடு. படம் போட்ட ஆர்க்கிடெக்ட் பெண்ணும் நானும் சேர்ந்து யோசித்தது.

எட்டில் ஒருவர், ஸ்ரீரங்கத்தில் வாடகை வீட்டு மாடியில் வடாம் போட்டு விற்கும் அக்கா. படத்தைப் பார்த்ததும் கேட்டார்.

"மாடி பூரா தகட்டப் பரப்பிட்டா, வடாம உங்க தலையிலயா காயப்போடுறது மேஸ்திரி?"

"கரண்டு மிச்சமாகும்க்கா."

"எனக்கு வெயில்தான் வேணும். இல்லன்னா என்னைய விட்டுடுங்க."

மறுநாள் ஆர்க்கிடெக்ட் பெண்ணும் நானும் படத்தை மாற்றினோம். வடக்குப் பாதியில் உயரமான கால்கள் மேல் தகடுகள். தெற்குப் பாதி திறந்த வெயில். வடாம் போட்டால் காக்காய் விரட்ட ஆள் உட்கார வேண்டும்; அதற்கு நிழல் தகட்டுக்கடியில் இருக்கிறது. எல்லோரும் கூடி உட்காரும் இடம் மேலேயே வந்துவிட்டதால் கீழே கூடம் தேவைப்படவில்லை. அந்த அளவுக்குச் சிமெண்டும் மிச்சம்.

அக்கா அசையவில்லை. "படத்துல வெயில் அடிக்காதுங்க. ஒரு நாள் காயவச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்."

சித்திரை மாதம். மனையில் அதே திசையில், அதே உயரத்தில் கம்பு நட்டு, தகட்டுக்குப் பதிலாகத் தார்ப்பாய் கட்டினேன். அக்கா ஆட்டோவில் கூழோடு வந்து, தெற்குப் பக்க வெயிலில் வேட்டியை விரித்துப் பிழிய ஆரம்பித்தார். வேடிக்கை பார்க்க வந்த மற்றவர்கள் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"காக்கா விரட்டுனா சம்பளம் உண்டாக்கா?" என்றார், பக்கத்து வீடாக வரப்போகிற பஸ் டிரைவர்.

"உண்டு. உடைஞ்சது பூரா உங்களுக்கு."

"அப்ப நானே ரெண்டு உடைக்கிறேன்."

கொஞ்ச நேரத்தில் அக்காவின் குரல் உயர்ந்தது. "மேஸ்திரி, உங்க நிழல் என் வேட்டில ஏறுது!"

நிழல் வடக்கே விழும் என்றே நினைத்திருந்தோம். சித்திரையில் சூரியன் வடக்கே சாய்கிறது; நிழல் தெற்கே வந்துவிட்டது. வடாம் போடுவதே அந்தக் கோடை மாதங்களில்தான். நான் கம்பைப் பிடுங்கப் போக, உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து ஆளுக்கொன்றாய்ப் பிடித்து வடக்கே நகர்த்தினார்கள்.

"இன்னும் தள்ளுங்க... இன்னும்... ஆங், இருக்கட்டும்" என்றார் அக்கா.

சாயங்காலம் அக்கா வடாமைத் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சரி, கூழ் கிளற அடுப்பு எங்க வைக்கப்போறீங்க?"

அடுப்பை யாரும் யோசிக்கவேயில்லை. புகை எந்தப் பக்கம் போகும் என்று எனக்கு அப்போதே கவலை வந்துவிட்டது. ஆனாலும் சிரித்தேன். அடுப்புக்கு இடம் கேட்கிறார் என்றால் எட்டாவது வீடு வந்துவிட்டது.