வண்டியோடு போன ஊன்றுகோல்

எங்கள் வீதியில் நோ பார்க்கிங் போர்டு வைத்தது மாநகராட்சி அல்ல, போலீஸும் அல்ல. எதிரே இருக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனி. இரண்டு தகர டிரம்மில் கான்கிரீட் ஊற்றி, நடுவில் குழாயை நட்டு, மேலே சிவப்பு வட்டம் போட்ட போர்டை மாட்டி, அதன் கீழே கம்பெனி பெயரையும் எழுதிக்கொண்டார்கள். முதல் போர்டு அவர்கள் கேட்டுக்கு முன்னால் இருந்தது. அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை, கேட்டை மறித்து வண்டி விடுவது தப்புதான். இரண்டாவது போர்டை ரோட்டின் இந்தப் பக்கம், என் யூனிட் சுவரை ஒட்டிக் கொண்டுவந்து வைத்தார்கள். அவர்களுடைய கண்டெய்னர் லாரி திரும்ப இடம் வேண்டுமாம். போய்க் கேட்டேன். "பொதுவுக்குத்தானுங்க்கா வெச்சிருக்குது" என்றார் வாட்ச்மேன். அந்தப் பொதுவில் நானும் என்னிடம் வேலை செய்கிறவர்களும் எப்போது சேர்த்தி இல்லாமல் போனோம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

என்னுடையது சின்ன செக்கிங் யூனிட். தைத்து வரும் பனியன்களில் பிசிறு வெட்டி, ஓட்டை, கறை இருக்கிறதா என்று பார்த்து, அயர்ன் போட்டு, மடித்து அட்டைப் பெட்டியில் அடுக்கிக் கொடுப்போம். எல்லோரும் பெண்கள். வாசலை ஒட்டிய மேசையில் உட்காருகிறவளுக்குச் சின்ன வயதிலேயே போலியோ வந்து ஒரு கால் சூம்பிவிட்டது. அந்தக் காலை வைத்துக்கொண்டு பஸ் ஏறி இறங்க முடியாது என்று பல வருஷம் வீட்டிலேயே கிடந்தவள். பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரை அரசாங்கம் கொடுத்த பிறகுதான் வேலைக்கு வர ஆரம்பித்தாள். ஸ்கூட்டரை வாசலோரம் நிறுத்தினால், சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டில் உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவாள். ஊன்றுகோலை வண்டியின் பக்கவாட்டில் இருக்கும் கிளிப்பிலேயே விட்டுவிடுவாள். உள்ளே அதைச் சாய்த்து வைத்தால் பனியன் கட்டுகளைத் தூக்கிப் போகிறவர்கள் தடுக்கி விழுவார்கள். எழுந்து போக வேண்டுமென்றால் யாராவது வெளியே போய் எடுத்துவந்து கொடுப்போம். மற்றபடி யாரும் கைகொடுக்க அவள் விட்டதில்லை. கொடுக்கப் போனால், "ஏனுங்க்கா, என்னைய என்ன பார்சல்னு நெனச்சீங்களா?" என்பாள்.

போர்டு வருவதற்கு முன்பே எங்கள் வீதிக்கு ஒரு பார்க்கிங் சட்டம் இருந்தது. வண்டியை எங்கே வேண்டுமானாலும் விடு, ஹேண்டில் லாக் மட்டும் போடாதே. அவ்வளவுதான். சாயம் போடும் டையிங்கிலிருந்து துணி ரோல் ஏற்றிக்கொண்டு டெம்போ வந்தால், வழியில் நிற்கும் வண்டியை யார் கண்ணில் படுகிறதோ அவர் தள்ளி ஓரமாக வைப்பார். மொபெட்டில் ஆள் உயரத்துக்குக் கட் பீஸ் மூட்டை கட்டியிருந்தாலும் மூட்டையோடு தள்ளுவார்கள். ஒன்றும் காணாமல் போகாது. நிறுத்திய இடத்தில் வண்டி இல்லையென்றால் நாங்கள் பதறுவதில்லை, நாலு கடை தள்ளிப் பார்ப்போம். வடக்கிலிருந்து வந்த ஆட்கள்கூட வந்த வாரத்திலேயே இதைப் பழகிவிடுவார்கள்.

இந்தப் பழக்கம்தான் அன்றைக்கு எங்களை ஏமாற்றியது. எதிர் கம்பெனிக்குச் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் வருகிறார் என்று காலையிலிருந்தே ஒரே அமர்க்களம். தண்ணீர் லாரி வைத்து ரோட்டைக் கழுவினார்கள், டிரம்முக்குப் புது பெயிண்ட் அடித்தார்கள். எங்களுக்கும் ஒரு அவசர ஆர்டர் இருந்ததால் நாங்கள் தலை நிமிரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவள் பாத்ரூம் போக வேண்டுமென்று கோலைக் கேட்டாள். எடுக்கப் போனவள் வெறுங்கையோடு வந்து, "வண்டியைக் காணோம்க்கா, யாரோ தள்ளி வெச்சுட்டாங்க" என்று சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். டீக்கடை முன்னால் பார்த்தோம், கோயில் திருப்பத்தில் பார்த்தோம், டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால்கூடப் பார்த்தோம். எதிர் கேட்டுக்குப் போய் நான் கத்திய பிறகுதான் வாட்ச்மேன் வாயைத் திறந்தார்.

"போலீஸ் லாரி வந்து தூக்கீட்டுப் போயிருச்சுங்க்கா. பையர் வர்றாருங்கல்ல, நம்ம கம்பெனில இருந்து போன் போட்டாங்க."

"பாத்துக்கிட்டு இருந்தீங்கல்ல? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா?"

"எனக்குச் சொல்லச் சொல்லி யாரும் சொல்லலீங்க" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த டிரம்மை அங்கேயே உருட்டிவிட்டிருப்பேன், கனம்தான் என்னைத் தடுத்தது. அந்தக் கம்பெனிக்குள் நான் ஒருமுறை போயிருக்கிறேன். உள்ளே மஞ்சள் பெயிண்டில் சக்கர நாற்காலிப் படம் வரைந்த ஒரு பார்க்கிங் இடம் உண்டு. பையர் சார்பில் ஆடிட்டுக்கு வருகிறவர்கள் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். நான் பார்த்தபோது அதில் டீசல் பேரல் நின்றது.

இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்து அவளைப் பாத்ரூமுக்குக் கூட்டிப் போனார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். டீ வந்தது, தொடவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வேண்டாம் என்றாள். குடித்தால் மறுபடியும் இரண்டு பேர் பிடிக்க வேண்டுமே என்று கணக்குப் போடுகிறாள் என்பது எனக்குப் புரிந்தது. என் மொபெட்டை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

ஸ்டேஷனில் மேசைக்குப் பின்னால் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். தெற்கத்திக்காரர். அவருக்குப் பின்னால் ஜன்னல் வழியே ஸ்கூட்டர் தெரிந்தது, கிளிப்பில் ஊன்றுகோலும் தெரிந்தது.

"ஓனர் நேர்ல வரணும்லா. ஆர்.சி. யார் பேர்ல இருக்கோ அவங்க வரணும்" என்றார்.

"அவளால நடக்க முடியாதுங்க சார். நடக்கறதுக்கு இருக்கற கோலு அந்த வண்டியிலதான் இருக்குதுங்க."

"அது வண்டியோட சேர்ந்த பொருள்மா. பிரிச்சுத் தர முடியாது."

"அது அவ காலுங்க சார்."

"அதான் ஓனர் வரட்டும்ங்கேன்."

போர்டு கம்பெனி வைத்தது, மாநகராட்சி வைத்தது இல்லை என்று சொன்னேன். "போர்டு இருந்துச்சா இல்லையா?" என்று கேட்டார். இருந்தது. யார் வைத்தால் என்ன, வைத்துவிட்டால் சட்டம். நானும் நாளைக்கே ஒரு டிரம் வாங்கி இந்த ஸ்டேஷன் வாசலில் வைத்தால் ஜீப்பைத் தூக்குவீர்களா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவளுடைய வண்டி அவர்கள் கையில் இருந்ததால் விழுங்கிக்கொண்டேன். கோலை மட்டுமாவது கொடுங்கள், அவளைக் கூட்டிவருகிறேன் என்று நாலு தரம் கேட்டேன். நாலு தரமும் அவர் எழுதிக்கொண்டிருந்ததிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

யூனிட்டுக்குத் திரும்பி, ஆட்டோ பிடித்து அவளைக் கூட்டிவந்தேன். வாசலில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லிவிட்டு உள்ளே ஓடி, "ஓனர் வந்தாச்சுங்க, ஆட்டோவுல இருக்கறா" என்றேன்.

"உள்ள வரச் சொல்லுங்க, கையெழுத்து போடணும்லா."

"எப்படிங்க சார் வருவா?"

"நாலு பேரா பிடிச்சுத் தூக்கிட்டு வாங்களேன்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, உதவி சொல்வதாகவே நினைத்துச் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதற்குள் வெளியே சத்தம். வாசலில் நின்ற இன்னொரு போலீஸ்காரர் ஆட்டோவின் மேல் தட்டி, இங்கே நிறுத்தக் கூடாது, எடு எடு என்று விரட்டிக்கொண்டிருந்தார். "கால் முடியாதவங்க சார், ஒரு நிமிசமுங்க" என்று ஆட்டோக்காரர் கெஞ்சினார். அவள் ஆட்டோக்காரரிடம், "நீங்க போங்கண்ணா, அப்பறம் உங்க வண்டியையும் வெச்சுக்குவாங்க" என்றாள். சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வழுக்கி இறங்கி, அப்படியே வாசலுக்கு நடுவில் ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். நல்ல வெயில். சுடிதாரெல்லாம் புழுதி. வெளியே கிளம்பிய ஜீப் அவளுக்கு முன்னால் வந்து நின்று ஹாரன் அடித்தது.

நான் ஓடிப்போய்க் கையை நீட்டினேன். "வேண்டாங்க்கா, நீங்க தள்ளுங்க" என்றாள். குரலில் அழுகை இல்லை. எனக்குத்தான் கண் கலங்கியது.

ஹாரன் சத்தம் கேட்டு மேசைக்காரரும் வெளியே வந்தார். "ஏம்மா, எந்திரிம்மா. இது என்ன இடம்னு தெரியுதா? வண்டி போகணும்லா."

அவள் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.

"நான் எந்திரிக்கிற கோலு உள்ள இருக்குதுங்க சார்."

"அதுக்குன்னு வழியில உக்காருவியா?"

"என் கால முன்னாடியே கொண்டாந்துட்டீங்க. மீதி இதுதானுங்க இருக்குது. இதையும் எடுத்துட்டுப் போயிருங்க."

ரோட்டில் போகிறவர்கள் நிற்க ஆரம்பித்தார்கள். பனியன் மூட்டையோடு போன மொபெட்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, "என்னுங்க ஆச்சு?" என்று சத்தமாகவே கேட்டார். ஜீப்பில் இருந்தவர் ஹாரனிலிருந்து கையை எடுத்தார். மேசைக்காரர் கூட்டத்தைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார், பிறகு விறுவிறுவென்று உள்ளே போனார். பிரித்துத் தர முடியாத பொருளைப் பிரிப்பதற்கு அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஊன்றுகோலோடு வந்தார்.

அவள் அதை வாங்கி ஊன்றி, யார் கையும் படாமல் எழுந்தாள். புழுதியைத் தட்டினாள். அவளே நடந்து உள்ளே போய், அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அவருக்கும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டு, "நடக்கவே இது வேணும்னு முன்னாடியே சொல்லிருக்கலாம்லாம்மா" என்றார்.

அவள் பேனாவை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அக்கா சொன்னாங்க சார். நின்னுக்கிட்டு மரியாதையாச் சொன்னாங்க, அதான் உங்களுக்குக் கேக்கலீங்க."

அவர் வண்டிக்கான ரசீதைக் கிழித்துக் கொடுத்தார்.