குரலுக்கு விட்ட இடம்

எங்கள் பேண்டின் இசை வருடத்துக்கு வருடம் மெலிந்துகொண்டே போனதற்குப் பலர் பல காரணம் எழுதினார்கள். முதிர்ச்சி என்றார் ஒருவர். மௌனத்தின் அழகியல் என்றார் இன்னொருவர். முதிர்ச்சியாவது மண்ணாவது! என்ன நடந்தது என்று கூட இருந்த எனக்குத் தெரியும்.

நாங்கள் மூன்று பேர். பாடி கிட்டார் வாசிக்கிறவன் தூத்துக்குடிக் கடற்கரைக்காரன். டிரம்ஸ்காரன் பெருமாள் கோயில் ஊர், வீடெல்லாம் வாத்தியார்கள். நான் பேஸ் கிட்டார், மூவரில் ஒரே பெண். அப்பாவுக்கு ஏரலில் பலசரக்குக் கடை. நான் பேஸைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறப் போனால், "ஏளா, துடுப்பத் தூக்கிட்டு எந்தக் கடலுக்குப் போற?" என்று கடையில் இருந்தபடியே கேட்பார். வாங்க வந்தவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

பயிற்சி பாடகன் வீட்டில்தான். வீட்டுக்குப் பின்னால் வலை போட்டு வைக்கிற அறை ஒன்று இருந்தது. அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் சத்தம் ஒன்றுதான். டிரம்ஸ்காரன் தகரத்தை உடைக்கிறவன் மாதிரி அடிப்பான். நானும் அவனுக்குக் குறையாமல் வாசிப்பேன். கிட்டார் ஆம்ப்ளிஃபயர் பழசு. எர்த் சரியில்லாததாலோ என்னவோ, கடலில் போகிற படகுகளின் வயர்லெஸ் பேச்சு அதற்குள் வந்து விழும். பாட்டுக்கு நடுவே யாரோ ஒரு அண்ணாச்சி, "எலே, ஐஸ் பத்தாது, கரைக்கு வாரோம்" என்பார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

முன்னறையிலும் ஒரு வயர்லெஸ் செட் இருந்தது. பாடகனின் அண்ணன் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். அவர் கடலில் இருந்து கூப்பிட்டால் அவர் மனைவி, எங்களுக்கு மதினி, எடுப்பார். மீன் பட்டாலும் படாவிட்டாலும் சரி, காற்று மாறினால் அண்ணன் கட்டாயம் கூப்பிடுவார். அது அந்த வீட்டுச் சட்டம். ஆனால் அந்தச் செட்டின் கரமுர சத்தம் எங்கள் மைக்கில் ஏறிவிடும். அதனால் ரெக்கார்டிங் என்றால் பாடகன் முன்னறையைப் பார்த்துக் கத்துவான், "மதினி, கொஞ்ச நேரம் செட்ட அமத்துங்க!" மதினியும், "உங்க இரைச்சலுக்கு இது தேவலல்லா" என்று சொல்லிக்கொண்டே அணைப்பார்.

அப்படி அணைத்த ஒரு மத்தியானம்தான் அது. கூட வருகிறவருக்குக் காய்ச்சல் என்று அண்ணன் தனியாகப் போயிருந்தார். நாங்கள் ஒரு பாட்டை எடுத்து முடித்தோம். மதினி செட்டைத் திரும்பப் போட்டார்; அதில் அண்ணன் குரல் வரவே இல்லை. சாயங்காலம் காற்று பேயாக அடித்தது. அண்ணன் வரவில்லை. ஊரே படகெடுத்துத் தேடியது. பெரியதாழை வரை போய்க் கேட்டார்கள். ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை.

பல வாரம் கழித்துப் பாடகன் அந்தப் பாட்டை ஹெட்ஃபோனில் கேட்டிருக்கிறான். அப்படியே எங்களிடம் கொண்டுவந்தான். டிரம்ஸுக்கும் பேஸுக்கும் அடியில், ஆம்ப்ளிஃபயர் பிடித்த ஒரு குரல். அண்ணன் மதினியைக் கூப்பிடுகிறார். "ஏளா, கேக்குதா? காத்து திரும்பிட்டு. வந்துருதேன். ஏளா, கேக்குதா?" பாட்டு முடிகிற வரைக்கும் அது விட்டு விட்டுக் கேட்டது.

இங்கேதான் சிக்கல். மதினி அண்ணனுக்குச் சர்ச்சில் இறந்தவர் பூசை வைக்கச் சம்மதிக்கவே இல்லை. உடல் கிடைக்காவிட்டாலும் இளைப்பாற்றிப் பூசை வைக்கலாம் என்று பங்குச் சாமியார் வந்து எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மதினியிடம் ஒரே பதில்தான் இருந்தது. "காத்து மாறினா அவிய கூப்பிடாம இருக்க மாட்டாவ சாமி. கூப்பிடல. அப்ப காத்துல மாட்டல. வேற எங்கயோ கரையேறிருக்காவ." கழுத்தில் தாலி அப்படியே இருந்தது. அவர் வந்து சேரும்வரை காதால் பாட்டுக் கேட்பதில்லை என்றும் ஒரு நேர்ச்சை.

"மதினிட்டச் சொல்லுலே," என்றேன் நான்.

"என்னன்னு சொல்ல? அவரு கூப்பிட்டாரு, நீங்க செட்ட அமத்திட்டீங்கன்னா? அமத்தச் சொன்னது நானு. அமத்துனது அவங்க கை. இதக் கேட்டா அவங்க உசுரோட இருப்பாங்களா?"

"பதில் சொல்லிருந்தா மட்டும் காத்து நின்னிருக்குமா?"

"அது உனக்குத் தெரியும். அவங்களுக்கு?"

ஆனால் அவன் அந்த ரெக்கார்டிங்கை அழிக்கவும் இல்லை. "அண்ணன் சத்தம்னு இது ஒண்ணுதான் இருக்கு," என்றான். குரல் இன்னும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று முதலில் சிம்பலை எடுக்கச் சொன்னான். அடுத்து டிரம்ஸில் குச்சிக்குப் பதில் பிரஷ். அப்புறம் எனக்கு ஒரே ஒரு சுரம். கடைசியில் அவனே பாடுவதை நிறுத்திவிட்டான். நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, அண்ணன் மட்டும் பேசுவார். எங்கள் புகழ்பெற்ற புதுப்பாணி இதுதான்.

இதை அவன் இணையத்தில் போட்டான். போட்டது தப்பு என்று அன்றைக்கே சண்டை போட்டேன். ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். அதைவிடக் கொடுமை, கூட்டம் அந்த வார்த்தைகளை மனப்பாடம் செய்துவிட்டது. குரல் வருகிற இடத்தில் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து கத்துவார்கள், "ஏளா, கேக்குதா!" அது யார், யாரைக் கூப்பிடுகிறார் என்று ஒருவருக்கும் தெரியாது. ஊருக்குத் திரும்பினால் மதினி வாசலில் நின்று, "கச்சேரி நல்லா நடந்துச்சா?" என்று கேட்பார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியாது.

போன வருடம் தூத்துக்குடியிலேயே ஒரு கல்லூரி மைதானத்தில் நிகழ்ச்சி. இங்கே அந்தப் பாட்டு கிடையாது என்று பேசி வைத்திருந்தோம். சாயங்கால வெயில் இறங்குகிற நேரம். கடைசிப் பாட்டு முடிந்ததும் கூட்டம் ஆரம்பித்துவிட்டது. "ஏளா, கேக்குதா! காத்து திரும்பிட்டு! ஏளா, கேக்குதா!" மைதானம் முழுக்க ஒரே குரல். பாடகன் வேண்டாம், வேண்டாம் என்று கையை ஆட்டினான். அவர்கள் இன்னும் சத்தமாகக் கத்தினார்கள்.

நான் திரும்பிப் பார்த்தேன். மேடைப் படிக்குப் பக்கத்தில் மதினி தூக்குச்சட்டியோடு நின்றுகொண்டிருந்தார். நேரமாகிறதே, பிள்ளைகள் பசியோடு இருக்குமே என்று எங்களுக்குச் சோறு கொண்டுவந்திருக்கிறார். அட கடவுளே! சட்டியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகப் படியேறி அவன் பக்கத்தில் வந்தார்.

"இது அவிய பேச்சுல்லா?"

அவன் தலையைக் குனிந்து கிட்டாரைப் பிடித்துக்கொண்டான்.

"இருக்குல்லா உங்கிட்ட? போடு. கேக்கேன்."

டிரம்ஸ்காரன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன், அவன் ரெக்கார்டிங்கைப் போட்டான். குரல் பெரிய ஸ்பீக்கர்களில் வந்தது. கூட்டம் கப்சிப்பென்று அடங்கியது. மதினி முடிகிற வரைக்கும் கேட்டார். அழவில்லை.

"எத்தன ஊருல போட்டிய?"

"சென்னை, பெங்களூரு, கொச்சி..."

"அம்புட்டு ஊருக்கும் கேட்டிருக்கு," என்றார் மதினி. "எனக்குத்தான் கேக்கல."

பக்கத்தில் இருந்த மைக் அதையும் பிடித்துவிட்டது. இதுவும் நிகழ்ச்சி என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. பாவிகள்! எனக்குப் பேஸைத் தூக்கி அந்த மைக்கின் மேல் போட வேண்டும் போல் இருந்தது. மைக்கைப் பிடுங்கித் திருப்பி வைத்தேன்.

பாடகன், "மதினி, அன்னைக்கு நாந்தான் செட்ட..." என்று ஆரம்பித்தான்.

"அமத்துனது நானு. அது எனக்குத் தெரியாதா?" என்றார் மதினி. இத்தனை காலமும் அவர்தான் காத்துக்கொண்டிருக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். அவர் அவன் கையைக் கிட்டாரிலிருந்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார்.

"உங்கண்ணன் செத்துட்டாவ, தம்பி. விட்டுரு."